உடைந்த பல்லைக் கட்டப் போகிறீர்களா? முதல் எக்ஸ்ரேயிலிருந்து கேப் ஒட்டும் நாள் வரை

என் வலது கீழ்க் கடைவாய்ப் பல் உடைந்தது பொங்கலுக்கு மறுநாள். முறுக்கையோ சீடையையோ கடித்து உடையவில்லை. வெந்த பனங்கிழங்கைத்தான் கடித்தேன். டக்கென்று ஒரு சத்தம். நாரோடு சேர்ந்து கல் மாதிரி ஏதோ நாக்கில் தட்டுப்பட்டது. துப்பிப் பார்த்தால் பல்லில் பாதி.

அதே பல்லுக்கு எட்டு மாதம் முன்பு, மே மாதத்தில், வேர் சிகிச்சை (ரூட் கெனால்) முடிந்திருந்தது. "அடுத்த வாரம் வாங்க அண்ணாச்சி, அளவெடுத்து கேப் போட்டுரலாம்" என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். கேப் என்றால் பல்லுக்கு மேல் ஒட்டும் உறை. பாளையங்கோட்டையில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவனுக்கு ஜூன் மாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் திறந்து, கூட்டம் ஓய்ந்து, அப்புறம் நெல்லையப்பர் கோயில் தேர் வந்து, அப்புறம் மறந்தே போனது. வலிதான் இல்லையே!

உடைந்த துண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போய் நின்றேன். அவர் திட்டவில்லை. "அஸ்திவாரம் போட்டுக் கொடுத்தேன், கூரை போடாம விட்டுட்டியளே" என்றார், அவ்வளவுதான்.

என்னைப் போலப் பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏராளம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அடுத்த தடவை எதற்காக வரச் சொல்கிறார்கள் என்பது புரியாததால்தான் நிறுத்துகிறோம். நான் டாக்டர் இல்லை. என் பல், மதினியின் பல், அக்கா மகனின் முன்பல் என்று மூன்றுக்கும் நாற்காலி பக்கத்தில் இருந்து, கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

கிளினிக் போகும் வரை

பல்லில் கூச்சமோ வலியோ வந்தால் வீட்டில் முதலில் எடுப்பது கிராம்பு. தப்பில்லை. கிராம்பில் உள்ள யூஜினால் என்ற எண்ணெய் நரம்பைக் கொஞ்சம் மரக்க வைக்கும். டாக்டர்கள் வைக்கும் சில தற்காலிக அடைப்பு மருந்துகளிலும் அதே எண்ணெய் உண்டு. ஆனால் சுத்தமான கிராம்பு எண்ணெயை ஈறில் ஊற்றிக்கொள்ளாதீர்கள், புண்ணாகும். வலி மாத்திரையை நுணுக்கிச் சொத்தைக்குள் வைப்பது இன்னும் மோசம். ஆஸ்பிரின் அப்படி வைத்தால் கன்னத்தின் உட்பக்கம் வெந்து வெள்ளையாகிவிடும். மாத்திரை தண்ணீரோடு வயிற்றுக்குள் போக வேண்டியது.

மெடிக்கலில் "பல்வலி" என்று சொல்லி மாத்திரை வாங்கி மூன்று நாள் சாப்பிடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். ஆன்டிபயாடிக் சீழைத் தற்காலிகமாக அடக்கும். பல்லின் நடுவில் இறந்துபோன நரம்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் மருந்து அங்கே போய்ச் சேராது. கிருமி உள்ளேயே குடியிருக்கும். நான்கு நாள் துடித்த வலி ஐந்தாம் நாள் திடீரென்று நின்றால் பல் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். பெரும்பாலும் நரம்பு செத்துப்போயிருக்கும்.

உடைந்த துண்டு கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. முகம் வீங்கிக் கண் வரைக்கும் ஏறுவது, தாடைக்குக் கீழே கல் மாதிரி இறுகுவது, காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை, மூச்சுத் திணறல். இதில் எது வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று படுக்காமல் அன்று ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நமக்கு ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

எங்கே போவது

திருநெல்வேலியில் வண்ணாரப்பேட்டை, முருகன்குறிச்சி, ஜங்ஷன், டவுன் என்று எங்கே திரும்பினாலும் பல் கிளினிக் போர்டு தெரிகிறது. பி.டி.எஸ். என்றால் பல் மருத்துவத்தின் அடிப்படைப் பட்டம். எம்.டி.எஸ். என்றால் அதற்கு மேல் மூன்று வருடம் ஒரு பிரிவை மட்டும் படித்தவர். சாதாரண அடைப்புக்கும் பெரும்பாலான வேர் சிகிச்சைக்கும் பி.டி.எஸ். டாக்டரே போதும். வேர் வளைந்திருந்தாலோ, ஏற்கெனவே செய்த சிகிச்சை கெட்டுப்போயிருந்தாலோ வேர் சிகிச்சைக்கென்றே படித்தவரிடம் போவது நல்லது. பல கிளினிக்குகளில் அவரைக் குறிப்பிட்ட நாளில் வரவழைப்பார்கள்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் அரசு ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் முதலில் கேளுங்கள். காவல்கிணறு பக்கம் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பொதுவாகக் கல்லூரிகளில் ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். கட்டணம் குறைவு, நேரம் அதிகம். வள்ளியூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக்காரர்களுக்கு அது தோது.

போக வேண்டாத இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டம் இல்லாமல் 'ஒரே நாளில் பல் கட்டித் தரப்படும்' என்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்துப் பற்களில் கம்பியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் மாவை அப்பி விடுவார்கள். இரண்டு வருடத்தில் அந்த ஒரு பல்லோடு, நன்றாக இருந்த இரண்டு பற்களும் ஆடும். 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டப்படி, பதிவு செய்த பல் டாக்டர்தான் இந்த வேலையைச் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

முதல் நாள்: தட்டுவதும் படம் எடுப்பதும்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் வழக்கம் போலச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டே போங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டை எடுத்துப் போவது அவசியம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், இதய வால்வு மாற்றியவர்கள், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள், கர்ப்பிணிகள், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லாரும் வாயைத் திறக்கும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். ரத்த மாத்திரையைப் பல்லுக்காக நீங்களாகவே நிறுத்தாதீர்கள். அது பல்லைவிடப் பெரிய ஆபத்து.

டாக்டர் சொத்தையைப் பார்ப்பதைவிட வலியைப் பற்றித்தான் அதிகம் கேட்பார். ஐஸ் தண்ணீர் பட்டால் சுருக்கென்று வந்து சில வினாடியில் போகிறதா, இல்லை பட்ட பிறகும் நிமிஷக்கணக்கில் நிற்கிறதா? படுத்தால் கூடுகிறதா? கடிக்கும்போது வலிக்கிறதா, கடித்து விடும்போது வலிக்கிறதா? இந்தப் பதில்களில்தான் பாதி முடிவு இருக்கிறது. சட்டென்று வந்து போகும் கூச்சம் என்றால் நரம்பு பிழைக்க வாய்ப்புண்டு. நின்று துடிக்கும், ராத்திரி எழுப்பும் வலி என்றால் நரம்பு மீளாது. கடித்து விடும்போது மின்னல் மாதிரி வந்தால் பல்லில் விரிசலாக இருக்கலாம். ஈறில் பரு மாதிரி ஒன்று வந்து வந்து உடைகிறது, வலியே இல்லை என்றால் உள்ளே சீழ் வழி தேடிக்கொண்டது என்று அர்த்தம். அதனால் மருந்து போட்டு வலியை அமுக்கிவிட்டுப் போகாமல், எப்படி இருந்தது என்று ஞாபகம் வைத்துச் சொல்லுங்கள்.

பிறகு வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டுவார். பஞ்சில் குளிர் மருந்து நனைத்து வைப்பார். அப்புறம் சின்ன எக்ஸ்ரே. நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய படம், அல்லது வயர் இணைத்த சென்சார். அதை வாய்க்குள் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். நாக்குக்கு அடியில் உறுத்தும், பத்து வினாடிதான். படத்தில் சொத்தை கறுப்பாகத் தெரியும், பழைய அடைப்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். வேர் நுனியில் கறுப்பு வட்டம் இருந்தால் எலும்பு வரைக்கும் கிருமி போய்விட்டது.

சீட்டில் '46' என்று எழுதியிருப்பதைப் பார்த்து என் மனைவி, "வாயில 32 பல்லுதானே இருக்கு?" என்றாள். வாயை நாலு கூறாகப் பிரிப்பார்களாம். நம்முடைய வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. ஒவ்வொரு கூறிலும் நடுப்பல்லிலிருந்து பின்னோக்கி 1 முதல் 8 வரை எண்ணம். 46 என்றால் வலது கீழே ஆறாவது பல். ஆறு வயதிலேயே முளைத்துவிடும் நிரந்தரப் பல் அது. பால் பல் என்று நினைத்து விழுந்து முளைக்கும் எனப் பெற்றோர் விட்டுவிடுவதால், பலருக்கு முதலில் சொத்தையாவதும் அதுதான். உங்கள் சீட்டில் எந்த எண் எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டால், ஊசி போடும்போது சரியான பக்கம்தானா என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

அடைத்தால் போதும் என்றால்

சொத்தை நரம்பைத் தொடவில்லை என்றால் ஒரே தடவையில் முடியும். கெட்டுப்போனதைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீல நிறத்தில் ஒரு அமிலத்தைத் தடவிப் பல்லைச் சொரசொரப்பாக்கிக் கழுவுவார்கள். பசை தடவி, பல் நிறக் கலவையை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல விளக்கைக் காட்டி இறுக வைப்பார்கள். அந்த நேரத்தில் எச்சில் பட்டால் பிடிமானம் போய்விடும். பஞ்சைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் நம் வேலை.

விளக்கில் இறுகிய அடைப்பு அங்கேயே கெட்டியாகிவிடுகிறது. ஆனாலும் உதடு மரத்திருக்கும்போது சாப்பிட்டால் கன்னத்தைக் கடித்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரம் வரை அந்த மரப்பு இருக்கும். குழந்தைகள் விளையாட்டாக உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஆழமான அடைப்புக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் குளிர்ச்சி கூசலாம். நாளாக ஆகக் குறைய வேண்டும். கூடினால் திரும்பிப் போக வேண்டும்.

வேர் சிகிச்சை: எல்லாரும் பயப்படும் கட்டம்

பல்லின் நடுவில் ஒரு அறை, அதிலிருந்து ஒவ்வொரு வேருக்குள்ளும் நூல் போன்ற குழாய். முன்பல்லில் பெரும்பாலும் ஒன்று, கீழ்க் கடைவாய்ப் பல்லில் மூன்று அல்லது நாலு. அந்தக் குழாய்களைச் சுத்தம் செய்து அடைப்பதுதான் வேர் சிகிச்சை.

முதலில் ஊசி. ஈறில் மரக்கும் ஜெல் தடவிய பிறகு போட்டால் எறும்புக் கடி மாதிரிதான். கீழ்ப்பல்லுக்கு வாயின் கடைசியில் போடுவார்கள். பாதி உதடு, பாதி நாக்கு மரக்கும். மருந்தில் அட்ரினலின் கலந்திருப்பதால் ஒரு நிமிஷம் நெஞ்சு படபடக்கலாம், பயப்பட வேண்டாம். சீழ் நிறைய இருந்தால் ஊசி சரியாகப் பிடிக்காது. அன்றைக்குச் சீழுக்கு வழி திறந்துவிட்டு, மருந்து கொடுத்து, இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அதை டாக்டர் இழுத்தடிப்பதாக நினைக்காதீர்கள்.

நான் பயந்தது அந்த ட்ரில் சத்தத்துக்குத்தான். உண்மையில் அது ஐந்து நிமிஷம்கூட இல்லை. சில இடங்களில் பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் ஷீட்டை மாட்டுவார்கள். மூச்சு முட்டுமோ என்று தோன்றும், மூக்கால் விட்டால் போதும். எச்சில் உள்ளே போகாது, மருந்தும் தொண்டைக்கு இறங்காது. ஷீட் போடும் கிளினிக் என்றால் எனக்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

அப்புறம் கம்பிகள். கைப்பிடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு எண். 15 என்றால் நுனி 0.15 மில்லிமீட்டர். தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதை உள்ளே விட்டுத் திருகித் திருகி, பிறகு 20, 25 என்று பெரிதாக்குவார்கள். வேர் நுனி எங்கே முடிகிறது என்று சொல்ல ஒரு சின்ன மெஷின். உதட்டில் ஒரு கொக்கியை மாட்டிவிட்டு, கம்பி நுனியை நெருங்க நெருங்க அது 'பீப் பீப்' என்கும். நடுநடுவே நீச்சல் குளத்து வாசனையில் ஒரு தண்ணீரைப் பாய்ச்சுவார்கள். அது சோடியம் ஹைப்போகுளோரைட், பிளீச்சிங் வகைதான். கம்பி போகாத மூலைகளில் இருக்கும் கிருமியைக் கொல்வது அதுதான். வாயில் பட்டால் உப்புக் கரிக்கும், கை தூக்கிக் காட்டுங்கள், உறிஞ்சிவிடுவார்கள்.

ஒரே நாளில் முடிப்பதும் உண்டு, இரண்டு மூன்று தடவை வருவதும் உண்டு. நுனியில் கிருமி அதிகம் என்றால் உள்ளே கால்சியம் கலந்த வெள்ளை மருந்தை வைத்து, மேலே தற்காலிகமாக மூடி, ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். பாதியில் நிறுத்தும் முதல் கூட்டம் இங்கேதான் நிற்கிறது, ஏனென்றால் வலி போய்விட்டது. அந்தத் தற்காலிக மூடி சில வாரங்களுக்கு மேல் தாங்காது. ஓரத்தில் கசிந்து எச்சில் உள்ளே இறங்கினால், செய்த சுத்தம் அத்தனையும் வீண்.

கடைசித் தடவையில் குழாயை அடைப்பார்கள். அதற்கு வரும் ஆரஞ்சு நிறக் குச்சியின் பெயர் கட்டா பெர்ச்சா. தென்கிழக்கு ஆசியாவின் மரப்பால், ரப்பருக்கு உறவு. இவ்வளவு மெஷின் வந்த பிறகும் நம் பல்லுக்குள் கடைசியில் தங்குவது ஒரு மரத்தின் பால்தான் என்பதில் எனக்கு ஏனோ ஒரு திருப்தி.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கம் கடித்தால் வலிக்கும். சிலருக்கு ஒரு வாரம். டாக்டர் சொன்ன வலி மாத்திரை போதும். எனக்கு முதல் இரண்டு நாள் சொதியும் குழைந்த சோறும்தான். வீங்கினாலோ வலி நாளுக்கு நாள் கூடினாலோ போன் பண்ணிவிட்டுப் போங்கள்.

கேப்: நான் விட்ட இடம்

நரம்பு எடுத்த பல் காய்ந்து நொறுங்கிவிடும் என்று சொல்வார்கள். டாக்டரம்மா விளக்கியது வேறு. சொத்தையும் போய், நடுவில் ஓட்டையும் போட்ட பிறகு பல்லுக்கு மிஞ்சுவது சுற்றுச் சுவர் மட்டும்தான். மேலே இருந்து அழுத்தம் வரும்போது சுவர்கள் வெளிப்பக்கம் விரியும். கூரை இல்லாத பழைய வீட்டுச் சுவர் மழையில் சாய்வது மாதிரி. கேப் அந்தச் சுவர்களைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. முன்பற்களுக்கு இவ்வளவு அழுத்தம் வராது, அதனால் சில சமயம் அடைப்பே போதும். கடைவாய்ப் பல்லுக்கு அப்படி விட முடியாது.

என் பல் நாக்குப் பக்கம் உடைந்திருந்தது. விரிசல் வேருக்குள் இறங்கியிருந்தால் பிடுங்குவதைத் தவிர வழி இல்லை. கேப் பிடித்து நிற்க ஈறுக்கு மேலே சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டராவது நல்ல பல் வேண்டும். எனக்கு ஒரு பக்கம் மட்டும் குறைவு. ஈறை இத்தனூண்டு வெட்டி ஒதுக்கி, ஒரு வேருக்குள் இருந்த ஆரஞ்சுக் குச்சியில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு, அங்கே கண்ணாடி நாரில் செய்த ஒரு ஆணியை ஒட்டினார்கள். அதன் மேல் பல் நிறக் கலவையால் சுவர் எழுப்பினார்கள். ஜூனில் போயிருந்தால் இதில் ஒன்றுமே தேவைப்பட்டிருக்காது. காசும் தண்டம், இரண்டு தடவை கடையைப் பூட்டியதும் தண்டம்.

அடுத்து, பல்லைச் சுற்றிலும் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை ராவிக் குறைப்பார்கள். பார்த்தால் குட்டி ஆணித்தலை மாதிரி ஆகிவிடும். அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் கேப்புக்கு இடம் வேண்டுமே. பிறகு அளவு. தட்டில் மாவு நிரப்பி அழுத்துவார்கள், மூன்று நாலு நிமிஷம். குமட்டல் வருகிறவர்கள் தலையை முன்னால் சாய்த்து, மூக்கால் மூச்சு விட்டு, கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருங்கள். சிரிக்காதீர்கள், எனக்கு வேலை செய்தது. இப்போது சில கிளினிக்குகளில் மாவுக்குப் பதில் கேமரா மாதிரி ஒன்றை வைத்து ஸ்கேன் எடுக்கிறார்கள்.

நிறம் பார்ப்பதை ராவுவதற்கு முன்பே, ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஏ1, ஏ2, ஏ3 என்று மாதிரிப் பற்கள் கோர்த்த ஒரு பட்டை இருக்கும். வாய் ரொம்ப நேரம் திறந்து பல் காய்ந்துவிட்டால் உண்மையைவிட வெளுப்பாகத் தெரியும். அந்த நேரத்தில் தேர்ந்தெடுத்தால் கேப் மட்டும் தனியாகப் பளிச்சென்று நிற்கும். வெற்றிலை போடும் ஆச்சிக்கு வெள்ளை வெளேர் பல் வைத்து, ஊரே கேலி செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த கேப்? ரூபாய்க் கணக்கு எழுதவில்லை, ஆறு மாதத்தில் பழசாகிவிடும். வரிசை மட்டும் மாறாது. முழு உலோகம் மலிவு, மெல்லியது, பல்லைக் குறைவாக ராவினால் போதும், உடையாது. உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது நடுத்தரம். நாளாக நாளாக ஈறு ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியலாம், பீங்கான் சில்லு பெயரலாம். ஜிர்கோனியா விலை கூடுதல், பல் நிறம், பலமும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், சிரித்தாலும் தெரியாத கடைசிப் பற்களுக்கு உலோகமே போதும். நான் அதுதான் போட்டேன். கடைக்கு வருகிறவர்கள் யாரும் என் வாய்க்குள் டார்ச் அடிக்கப் போவதில்லை. முன்னால் தெரியும் பல்லுக்குச் சிக்கனம் பார்க்காதீர்கள். உத்தரவாத அட்டை தந்தால் வாங்கிப் படியுங்கள்: அது கேப்புக்குத்தான், உள்ளே இருக்கும் பல்லுக்கு இல்லை. வேர் சிகிச்சை, ஆணி, கேப் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதல் நாளே ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

லேப்பிலிருந்து கேப் வர ஒரு வாரம்போல ஆகும். அதுவரை தற்காலிக பிளாஸ்டிக் கேப். ஜவ்வு மிட்டாய், கடலை மிட்டாய், சூயிங்கம் வேண்டாம். அல்வாவா? நம் ஊர் அல்வா நெய்யில் வழுக்கிக்கொண்டு போகும், கேப்பைப் பிடுங்காது. ஆனால் அந்தச் சர்க்கரை மற்ற பற்களின் இடுக்கில் போய் உட்காரும், தின்றால் வாயைக் கொப்பளியுங்கள். தற்காலிக கேப் கழன்றுவிட்டால் விட்டுவிடாதீர்கள். பக்கத்துப் பல் சில நாளிலேயே அந்த இடத்துக்குள் சாய ஆரம்பிக்கும்; புது கேப் பொருந்தாது.

ஒட்டும் நாளில் அவசரப்படாதீர்கள். முதலில் ஒட்டாமல் வைத்துப் பார்ப்பார்கள். நூல் பல்லிடுக்கில் இறுக்கமாகப் போய் வர வேண்டும். பிறகு கார்பன் தாள் மாதிரி ஒரு நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். புள்ளி விழும் மேட்டை ராவுவார்கள். முடி அளவு உயரமாக இருந்தாலும் நமக்குத் தெரியும், சொல்லுங்கள். 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று வந்துவிட்டால் தாடை வலிக்கும், பல் நோகும். வாய் மரத்திருந்தால் சரியாகத் தெரியாது, மறுநாள் ஒருமுறை போய் ராவிக்கொண்டு வருவதில் தப்பில்லை. எனக்கு மூன்று தடவை ராவினார்கள்.

பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

மதினிக்கு மேல் பக்கத்துப் பல் ஒன்று ஈறுக்கு அடியில் வேர் வரை சொத்தை. "காப்பாத்த முடியாதாம் தம்பி" என்று சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் இரண்டு பக்கமும் பற்கள் சாயும், எதிரே இருக்கும் பல் நீண்டு வரும். அதை நிரப்ப வழிகள் உண்டு. பக்கத்துப் பற்கள் இரண்டையும் ராவிப் பாலம் கட்டுவது சீக்கிரம் முடியும், ஆனால் நல்ல பற்களைக் குறைக்க வேண்டும். இம்ப்ளான்ட் என்றால் எலும்புக்குள் டைட்டானியம் திருகு. எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், அப்புறம்தான் மேலே பல். கழற்றி மாட்டும் பிளேட் மலிவு, பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். மதினிக்குச் சர்க்கரை இருக்கிறது. முதலில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்த்து அதைக் கட்டுக்குள் கொண்டு வரச் சொன்னார்கள், பிறகுதான் இம்ப்ளான்ட்.

முன்பல் உடைந்தால், கையில் இருப்பது சில நிமிஷம்

அக்கா மகன் வ.உ.சி. மைதானத்தில் கிரிக்கெட் ஆடும்போது பந்து பட்டு முன்பல்லின் மூலை பிய்ந்துவிட்டது. "மாமா, துண்டைத் தேடி எடுத்துட்டேன்" என்று கையில் மூடிக்கொண்டு வந்தான். கெட்டிக்காரப் பயல். அந்தத் துண்டைத் தண்ணீரில் போட்டு எடுத்துப் போனோம், அதையே ஒட்டிவிட்டார்கள். பார்த்தால் தெரியாது.

முழுப் பல்லும் வேரோடு வந்துவிட்டால் அவசரம் இன்னும் அதிகம். பல்லின் மேல்பக்கத்தை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலில் லேசாக அலசி, முடிந்தால் அந்தக் குழியிலேயே திருப்பி வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் பக்கத்து டீக்கடையில் ஆறிய பால் வாங்கி அதில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது. பால் பல் விழுந்தால் மட்டும் திருப்பி வைக்கக் கூடாது, அது கீழே வளரும் பல்லைக் கெடுக்கும்.

கேப் போட்ட பிறகு

கேப் சொத்தையாகாது, ஆனால் கேப்பும் பல்லும் சேரும் ஈறு ஓரம் சொத்தையாகும். அங்கேதான் பிரஷ் போக வேண்டும். ஃபுளோரைடு உள்ள பேஸ்டில் காலையிலும் ராத்திரி படுக்கும் முன்பும் தேய்த்து, இடுக்குக்கு நூலோ குட்டி பிரஷோ போட வேண்டும். வேப்பங்குச்சியை விட மாட்டேன் என்பவர்கள் மெல்லுங்கள், ஈறு ஓரத்துக்கு மட்டும் மெத்தென்ற பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். சோடா மூடியைப் பல்லால் திறப்பது, நூல் கடிப்பது, ஐஸ் கட்டியைக் கடிப்பது எல்லாம் நின்றுவிட வேண்டும். ராத்திரி தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாட்டிக்கொண்டு தூங்க ஒரு உறை செய்து தருவார்கள்.

கேப் என்றாவது கழன்று கையோடு வந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஃபெவிகுவிக் போட்டு ஒட்டவும் கூடாது, அதையும் செய்தவர்கள் இருக்கிறார்கள். சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போனால் பல சமயம் அதையே மறுபடி ஒட்டிவிடலாம். வேர் நுனியில் கறுப்பு வட்டம் இருந்தவர்கள் ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். எலும்பு மெதுவாகத்தான் நிரம்பும், அந்தக் கறுப்பு சின்னதாகிக்கொண்டே வர வேண்டும்.

என் எக்ஸ்ரே தேதியை டாக்டரம்மா சீட்டில் எழுதிக் கொடுத்தார்: ஜூன் 10. "ஜூன்லயா?" என்றேன். "வேணும்னுதான் எழுதியிருக்கேன் அண்ணாச்சி" என்றார். கல்லாப்பெட்டி மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.